பதில் யோசிக்க நேரம் தராத மாற்றங்கள்: ஃபுட்டி கோச்சுகளின் பெரிய முடிவுகள்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில், செல்லமாக ஃபுட்டியில், கோச்சின் கையில் இருக்கும் கருவிகள் ரொம்பவே குறைவு. கூடைப்பந்து மாதிரி டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்த முடியாது, கிரிக்கெட் மாதிரி ஒவ்வொரு ஓவருக்கும் நடுவில் பேசிக்கொள்ளவும் முடியாது. பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்குமே, மெல்பர்னில் அந்த எம்.சி.ஜி., அதே மைதானத்தில்தான் வருஷா வருஷம் ஏ.எஃப்.எல். லீக்கின் கிராண்ட் ஃபைனலும், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டமும், நடக்கிறது. அந்தப் பெரிய நீள்வட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஓடிக்கொண்டே இருக்க, கோச் மேலே ஸ்டாண்டில் ஒரு கண்ணாடி அறைக்குள் உதவியாளர்களோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு போன், எதிரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஒவ்வொரு வீரர் பெயருக்கும் ஒரு காந்த வில்லை. யாரையாவது இடம் மாற்றவேண்டும் என்றால் வில்லையை நகர்த்துவார், போனில் பெஞ்சுக்குச் சொல்வார், 2019-க்கு முன்னால் அங்கிருந்து ரன்னர் என்று ஒருவர் ஆட்டத்தின் நடுவிலேயே மைதானத்துக்குள் ஓடிப்போய் அந்த வீரரின் காதில் போடுவார். அதற்குள் எதிரணி ஒரு கோல் அடித்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆனால் இந்த ஆட்டம் கோச்சுக்கு ஒரு பெரிய சுதந்திரத்தையும் தருகிறது: ஆஃப்சைடு கிடையாது. ஃபுல்-பேக், ஹாஃப்-பேக், சென்டர், ஃபுல்-ஃபார்வர்ட் என்று இடங்களுக்குப் பெயர் இருக்கிறதே தவிர, டிஃபென்டர் ஒருவரைத் தூக்கி எதிரணியின் கோல் வாயில் நிறுத்தினால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்கு வெளியே உள்ள சின்னக் கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஆளை இடம் மாற்றி அடுத்தடுத்து நாலு கோல் வாங்கினால் 24 புள்ளி, பத்தே நிமிஷத்தில் ஆட்டம் தலைகீழ்.

அதனால்தான் ஃபுட்டி ரசிகர்கள் கோச்சுகளின் மாற்றங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள். எது நல்ல மாற்றம் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான். புத்திசாலித்தனமா, துணிச்சலா என்பதெல்லாம் அப்புறம். எதிரணிக் கோச்சுக்குப் பதில் யோசிக்க எவ்வளவு நேரம் விட்டுவைத்தது என்பதுதான் முதல் கேள்வி. அதை வைத்துப் பார்த்தால் கொண்டாடப்படும் சில மாற்றங்கள் கொஞ்சம் சிறுத்துப்போகின்றன, சில மாற்றங்கள் பெரிதாகின்றன.

முதலில் சுலபமான உதாரணம், 1984. அதற்கு முந்தின வருஷம் கிராண்ட் ஃபைனலில் ஹாதார்னிடம் எசெண்டன் 83 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியிருந்தது. அடுத்த வருஷமும் அதே இரண்டு அணிகள். மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது ஹாதார்ன் 68, எசெண்டன் 45. எசெண்டன் அதுவரை அடித்தது வெறும் 5 கோல், 15 பிஹைண்ட். கோச் கெவின் ஷீடி தொழிலால் பிளம்பர், பேச்சில் குசும்பர். ஒரு தடவை எசெண்டனின் சொந்த மைதானத்தில் காற்றடிக்கும் திசை எதிரணிக்குத் தெரியக் கூடாதென்று காற்றுப்பையையே கட்டிப்போட வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அன்றைக்குப் பலகையையே கலைத்துப் போட்டார், பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர்களை முன்னால் அனுப்பினார். அதில் ஒருவர் பில்லி டக்வொர்த், பேக்-பாக்கெட்டில், அதாவது தன் கோலுக்குப் பக்கத்துப் பின்மூலையில், ஆடுகிற ஆள். கடைசிக் குவார்ட்டரில் மட்டும் எசெண்டன் 9 கோல் 6 பிஹைண்ட் அடித்தது, முடிவு 105-81. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் டக்வொர்த்துக்குப் போனது. எசெண்டனுக்கு 1965-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது.

இதில் கவனிக்கவேண்டியது நேரம். ஹாதார்ன் கோச் ஆலன் ஜீன்ஸ் சாதாரண ஆள் இல்லை, 1966-இல் செயின்ட் கில்டாவுக்கு அதன் ஒரே கோப்பையை வாங்கித் தந்தவர். ஆனால் அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு குவார்ட்டர். யார் யாரைப் பிடிப்பது என்று அவருடைய ஆட்கள் குழம்பி நிற்கும்போதே கோல் விழுந்துகொண்டிருந்தது. இதே மாற்றத்தை ஷீடி இடைவேளையிலேயே செய்திருந்தால் ஜீன்ஸ் ஒரு பதில் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, எல்லோரும் சொல்லும் கதைக்கு வருவோம். 1970 கிராண்ட் ஃபைனல், கார்ல்டனும் காலிங்வுட்டும். எம்.சி.ஜி.யில் அன்றைக்கு 1,21,696 பேர். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எந்த ஃபுட்டி ஆட்டமும் தாண்டவில்லை. இரண்டாவது குவார்ட்டரில் கார்ல்டனின் அலெக்ஸ் ஜெசலெங்கோ, கிரேம் ஜென்கினின் தோள்மேல் ஏறிப் பந்தைப் பிடித்த அந்த மார்க்கை (உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடிப்பதுதான் மார்க்) இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் ஸ்கோர்போர்டில் கார்ல்டன் செத்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் காலிங்வுட் 73, கார்ல்டன் 29. 44 புள்ளிப் பள்ளம்.

கார்ல்டனின் கோச் ரான் பராசி. அப்பா டோப்ருக்கில் போரில் இறந்துபோக, பிறகு மெல்பர்ன் கோச் நார்ம் ஸ்மித்தின் வீட்டில் வளர்ந்து, மெல்பர்ன் கிளப்பின் உயிராக இருந்துவிட்டு, 1965 சீசனுக்கு கார்ல்டனுக்குத் தாவி நகரத்தையே அதிரவைத்தவர். அன்றைக்கு உடைமாற்றும் அறையில் அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நிதானமாக மார்க் பிடித்து நின்று நீளமாக உதைக்கும் பழைய வழியை விடுங்கள், கைக்கு வந்ததும் ஹேண்ட்பால் (ஒரு கையில் வைத்து மறுகை முட்டியால் குத்திக் கொடுப்பது) போடுங்கள், எப்பாடுபட்டாவது பந்தை ஓடவிடுங்கள் என்றார். இரண்டு, பெர்ட் தோர்ன்லியை எடுத்துவிட்டு, 19-ஆவது ஆளாக பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கினார்.

இந்த இரண்டாவது விஷயத்தின் எடை இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது. இப்போது பெஞ்சும் மைதானமும் பஸ் ஸ்டாண்ட் மாதிரி, ஆள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். 1970-இல் அந்த இன்டர்சேஞ்ச் முறையே கிடையாது, அது 1978-இல்தான் வந்தது. அப்போது மாற்று ஆட்கள் மொத்தம் இரண்டே பேர், வெளியே வந்தவர் வந்தவர்தான், திரும்பப் போக முடியாது. இடைவேளையிலேயே ஒரு சீட்டை இறக்கிவிட்டால் அப்புறம் இரண்டு பேருக்குக் காயம் பட்டால் 17 பேரோடு ஆடவேண்டியதுதான். பராசி அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தார்.

ஹாப்கின்ஸ் சின்ன உருவம், பெரிய பெயர் இல்லாதவர். அவர் அந்தப் பாதியில் 4 கோல் அடித்தார். மூன்றாவது குவார்ட்டரில் கார்ல்டன் 8 கோல், ஒரு பிஹைண்ட்கூட இல்லாமல். இருந்தும் அந்தக் குவார்ட்டர் முடியும்போது காலிங்வுட்தான் 17 புள்ளி முன்னால் இருந்தது, இதைக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கடைசியில் 111-101. ஹாப்கின்ஸ் அடுத்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு விலகிப்போனார், வேறு விஷயங்களில் ஈடுபட்டார், 1990-களில் சாம்பியன் டேட்டா என்ற புள்ளிவிவர நிறுவனம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். இன்றைக்கு ஏ.எஃப்.எல்.லில் ஒவ்வொரு உதையையும் ஒவ்வொரு ஹேண்ட்பாலையும் எண்ணிக் கணக்கு வைப்பது அந்த நிறுவனம்தான்.

இந்த ஆட்டத்தை "நவீன ஃபுட்டி பிறந்த நாள்" என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஹேண்ட்பாலைத் தாக்குதல் ஆயுதமாக ஆக்கியதில் ஜீலாங்கின் போலி ஃபார்மருக்கு அதற்கு முன்பே பங்கு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஓட்டி பயிற்சியில் ஸ்டர்ட் கிளப் 1966-லிருந்து 1970 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை ஜெயித்தது, அதிலும் ஹேண்ட்பால் முக்கியமான பங்கு. பராசி எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 44 புள்ளி பின்னால் இருக்கும் அணிக்கு இழக்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. அந்த நிலையில் எந்தக் கோச்சும் எதையாவது மாற்றத்தான் செய்வார். ஆனால் என் அளவுகோலில் அவர் தேறிவிடுகிறார். ஏனென்றால் அந்த மாற்றம் வெளிப்பட்டது இடைவேளை முடிந்த பிறகுதான். எதிரணி அறையில் அப்போது நடந்துகொண்டிருந்தது முன்னிலையைக் காப்பாற்றுகிற பேச்சு. வெளியே வந்தால் வேறொரு கார்ல்டன் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து உட்கார்ந்து பேச வாய்ப்புக் கிடைத்தபோது 8 கோல் விழுந்திருந்தது.

காலிங்வுட்டின் கோச் பாப் ரோஸைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அவர் கோச்சாக 1964, 1966, 1970 என்று மூன்று கிராண்ட் ஃபைனல் தோற்றார். வித்தியாசம் முறையே 4 புள்ளி, 1 புள்ளி, 10 புள்ளி. மூன்றையும் கூட்டினால் 15, மூன்று கோல்கூட இல்லை. அதிலும் 1964-இல் அவரை வீழ்த்திய கோல் எந்தக் கோச்சின் திட்டத்திலும் இல்லாதது. மெல்பர்னின் நீல் க்ராம்ப்டன் பேக்-பாக்கெட், அவர் வேலை பின்னால் நிற்பது. தான் காவல் காக்கவேண்டிய ஆளைத் துரத்திக்கொண்டே மைதானத்தின் மறுமுனைவரை போய்விட்டார், பந்து தற்செயலாகக் கைக்கு வந்தது, உதைத்தார், கோல். அந்த சீசனிலேயே அவர் அடித்த ஒரே கோல் அதுதான். நார்ம் ஸ்மித் மாதிரி கண்டிப்பான கோச்சின் அணி, கோச் சொன்ன இடத்தை விட்டு ஓடிய ஒருவரால் கோப்பை வாங்கியது. கோச்சுகளின் மேதைமையைப் பற்றி எழுதும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆளை மாற்றுவது ஒரு வகை. ஆட்டத்தின் அமைப்பையே மாற்றுவது இன்னொரு வகை. அங்கேதான் நேரக் கணக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது.

1990-களில் நார்த் மெல்பர்னில் டெனிஸ் பேகன் செய்தது அப்படி ஒன்று. அவரிடம் கேப்டனாக வேய்ன் கேரி இருந்தார், ஒருவருக்கு ஒருவர் மோதினால் அந்தக் காலத்தில் அவரை நிறுத்துகிற டிஃபென்டர் ஏறக்குறைய யாருமே இல்லை. பேகன் மற்ற ஃபார்வர்ட்களையெல்லாம் மைதானத்தின் நடுப்பக்கம் இழுத்துவிட்டார். அவர்களைக் காவல் காக்கும் டிஃபென்டர்களும் கூடவே வரவேண்டிய நிலை. கோலுக்கு முன்னால் 50 மீட்டருக்கு வெற்று நிலம், அதில் கேரியும் பரிதாபமான ஒரு டிஃபென்டரும். பந்தை எடுத்தவர் தலை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தேவையில்லை, நீளமாக உதைத்தால் போதும். ரசிகர்கள் அதற்குப் "பேகனின் மேய்ச்சல் நிலம்" என்று பெயர் வைத்தார்கள். 1996-லும் 1999-லும் கோப்பை. எல்லோருக்கும் திட்டம் தெரியும், யோசிக்க வருஷக்கணக்கில் நேரம் இருந்தது, இருந்தும் கேரி உடம்பு நன்றாக இருக்கிற நாளில் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் அளவுகோல் சறுக்கும் இடம் இது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் இதில் பாதிப் புகழ் கேரிக்குப் போகவேண்டும், கேரி இல்லாமல் அந்த நிலம் வெறும் பொட்டல்தான்.

இதற்கு நேரெதிரானது ஃப்ளட், அதாவது பின்னால் ஆட்களைக் கொண்டுவந்து வெள்ளமாக நிரப்பிவிடுவது. சிட்னியின் ராட்னி ஈட் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். ஆனால் மறக்க முடியாத நாள் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோச் டெர்ரி வாலஸுடையது. 2000-ஆம் வருஷம் ஷீடியின் எசெண்டன் முதல் 20 ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு 21-ஆவது சுற்றில் வெஸ்டர்ன் புல்டாக்ஸைச் சந்தித்தது. அந்த எசெண்டனோடு நேருக்கு நேர் ஆடினால் அடி நிச்சயம் என்பது வாலஸுக்குத் தெரியும். பந்துக்குப் பின்னால் பத்துப் பேருக்கும் மேலே குவித்தார். எசெண்டனின் ஃபார்வர்ட்கள் எங்கே ஓடினாலும் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள், உதைக்க இடமே இல்லை. பார்க்க அழகாக இருந்ததா என்றால் இல்லை. 11 புள்ளியில் புல்டாக்ஸ் ஜெயித்தது, அந்த வருஷம் எசெண்டன் ஆடிய 25 ஆட்டத்தில் தோற்றது அது ஒன்றே ஒன்றுதான்.

வாலஸ் ஜெயித்தது ஒரு சாதாரண லீக் ஆட்டம். கிராண்ட் ஃபைனலுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. ஷீடிக்கு யோசிக்க அது தாராளம். எசெண்டன் அதன்பிறகு ஒரு ஆட்டமும் விடாமல், கிராண்ட் ஃபைனலில் மெல்பர்னை 60 புள்ளியில் வென்றது. வாலஸின் யோசனை அபாரம்தான், ஆனால் சீட்டை முன்கூட்டியே காட்டிவிட்டார். அவருக்கு வேறு வழியும் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும், அவர் அணிக்கும் அந்த வாரப் புள்ளி தேவைப்பட்டது.

2008-இல் அலஸ்டர் கிளார்க்ஸனின் ஹாதார்ன் செய்தது இதைவிட நுட்பமானது. ஒவ்வொருவரும் ஒரு எதிராளியைப் பிடித்துக்கொண்டு திரிவதற்குப் பதிலாக, பந்தைச் சுற்றியுள்ள இடத்தை எல்லோரும் சேர்ந்து அடைத்தபடி மேலும் கீழுமாக நகர்வது. "கிளார்க்கோவின் கிளஸ்டர்" என்று பெயர் விழுந்தது. கிராண்ட் ஃபைனலில் எதிரே ஜீலாங், லீக் சுற்றில் ஒரே ஒரு தோல்வியோடு வந்த அணி. அன்றைக்கு ஹாதார்ன் இன்னொரு காரியமும் திரும்பத் திரும்பச் செய்தது. கோலுக்குப் பக்கத்தில் அழுத்தம் வரும்போதெல்லாம் அவர்களுடைய டிஃபென்டர்களே பந்தைத் தங்கள் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள். எதிரணிக்கு ஒரு புள்ளி போகும், ஆனால் பந்து தங்களிடமே திரும்பி வரும், நிதானமாக உதைத்து ஆரம்பிக்கலாம். 6 புள்ளியைத் தடுக்க 1 புள்ளியைத் தானம் கொடுக்கிற வியாபாரம். அப்படி 11 தடவை. ஸ்கோரைப் பாருங்கள்: ஹாதார்ன் 18 கோல் 7 பிஹைண்ட், 115. ஜீலாங் 11 கோல் 23 பிஹைண்ட், 89. ஜீலாங் கணக்கில் இருக்கும் அந்த 23-இல் கிட்டத்தட்ட பாதி ஹாதார்னே கொடுத்தது.

விதியில் அதற்குத் தடை இல்லை, அதனால் அது ஏமாற்றும் இல்லை. அதே சீசனில் ரிச்மண்டின் ஜோயல் பௌடன் நேரத்தைக் கடத்துவதற்காகத் தானே பந்தைக் கோட்டுக்குள் கொண்டுபோய் முன்னுதாரணம் காட்டியிருந்தார், அப்போதே ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். கிராண்ட் ஃபைனலிலும் நடந்ததும் லீக் பொறுக்கவில்லை. 2009-இலிருந்து வேண்டுமென்றே அப்படிச் செய்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதுவும் கோல் வாசலிலேயே. ஜீலாங்கும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு ஹாதார்னைச் சந்தித்த அடுத்த 11 ஆட்டத்தையும் ஜெயித்தது, 2013 ப்ரிலிமினரி ஃபைனலில்தான் (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின அரையிறுதி) அந்தத் தொடர் உடைந்தது. கிளார்க்ஸனின் கிளஸ்டருக்கு ஜீலாங் பதில் கண்டுபிடித்தது, ஆனால் கோப்பை ஏற்கெனவே ஹாதார்ன் அலமாரிக்குப் போய்விட்டது. கோச்சுக்கு அது போதும்.

ஃபுட்டி விதிப்புத்தகத்தைப் புரட்டினால் இப்படிக் கோச்சுகளின் காலடித் தடமாகவே தெரியும். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் மைதானத்தின் நடுவில் பந்தைப் பவுன்ஸ் செய்யும்போது ஆட்களைக் குவிக்கிறார்கள் என்று 1973-இல் சென்டரில் ஒரு வைர வடிவம் வரைந்தார்கள், 1975-இல் அது சதுரமானது. 2010 வாக்கில் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட் மாதிரி அணிகள் பெஞ்சை விடாமல் சுழற்றி, களைப்பே தெரியாத கால்களோடு எதிரணியை அவர்கள் பாதியிலேயே அமுக்கி வைத்தன. ஒரு ஆட்டத்தில் ஒரு அணியின் மாற்றங்கள் நூற்றைத் தாண்டிப் போயின. 2014-இல் 120 என்று உச்சவரம்பு, 2016-இல் 90, 2021-இல் 75. 2019-இல் சென்டர் பவுன்ஸின்போது முன்னால் ஆறு, நடுவில் ஆறு, பின்னால் ஆறு பேர் நிற்கவேண்டும் என்று வந்தது, ஆரம்பத்திலேயே ஆளைப் பின்னால் ஒளித்துவைக்கிற வேலைக்கு அதோடு முடிவு. அதே வருஷம் ரன்னரும் கோல் விழுந்த பிறகுதான் உள்ளே போகலாம், ஆட்டம் தொடங்கும் முன் வெளியே வந்துவிடவேண்டும் என்றார்கள். கோச்சின் குரலையே குறைத்துவிட்டார்கள். இது நல்லதுக்கு என்பது என் கருத்து. பதறிப்போன கோச்சின் சார்பாக ரன்னர் வீரர்களுக்கு நடுவே ஓடித் திரிவதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

அணித் தேர்வு இன்னொரு வகை முடிவு, அதில் மனசு சம்பந்தப்பட்டது அதிகம். 2010 கிராண்ட் ஃபைனல் 68-68 என்று சமனில் முடிந்தது, அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம். மால்ட்ஹவுஸ், லியான் டேவிஸை நீக்கிவிட்டு டைசன் கோல்ட்சாக்கை எடுத்தார். டேவிஸ் முந்தின வருஷம்தான் லீக்கின் கௌரவ அணியில் இடம் பிடித்தவர், ஆனால் முதல் ஆட்டத்தில் சோபிக்கவில்லை. மறு ஆட்டத்தின் முதல் கோலை அடித்தது யார்? கோல்ட்சாக். காலிங்வுட் 108-52 என்று செயின்ட் கில்டாவை நொறுக்கியது. இதில் கோச்சின் மேதைமை எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம்தான் என்பேன்; 56 புள்ளியில் ஜெயித்த அணி டேவிஸோடும் ஜெயித்திருக்கும். டேவிஸ் ஒரு பிரீமியர்ஷிப் பதக்கம்கூட இல்லாமலே ஆட்டத்தை விட்டுப் போனார் என்பதுதான் எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது.

2019-இல் ரிச்மண்டின் டேமியன் ஹார்ட்விக் எடுத்தது அதைவிடப் பெரிய சூதாட்டம். ஜாக் கிரஹாம் ப்ரிலிமினரி ஃபைனலில் தோளில் அடிபட்டு வெளியேற, அந்த இடத்துக்கு மார்லியன் பிக்கெட்டை எடுத்தார். 27 வயது, அந்த வருஷ நடுவில்தான் டிராஃப்டில் (கிளப்புகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வந்தவர், அதுவரை ஒரு ஏ.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை. கிராண்ட் ஃபைனலில் அறிமுகம் என்பது 1952-க்குப் பிறகு யாருக்கும் நடக்காத விஷயம். இங்கேயும் எதிரணிக்கு யோசிக்க ஏதும் இல்லை, ஏனென்றால் அந்த மட்டத்தில் அவரை யாரும் பார்த்ததே இல்லை. பிக்கெட் ஒரு சுழற்சியில் எதிராளியை ஏமாற்றிவிட்டு நழுவியபோது மைதானம் எழுந்து நின்றது, பிற்பாடு ஒரு கோலும் அடித்தார். ரிச்மண்ட் 114, எதிரணியான ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) 25.

ஜெயித்த முடிவுகளைத்தான் நாம் பேசுகிறோம். அதே துணிச்சலோடு எடுத்துத் தோற்ற முடிவுகளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. அதில் ஒன்று மட்டும் மறக்கப்படவில்லை, 1989. ஜீலாங்கின் கோச் மால்கம் பிளைட், எதிரே ஜீன்ஸின் ஹாதார்ன். முதல் பவுன்ஸ் விழுந்ததும் எல்லோரும் பந்தைப் பார்க்க, ஜீலாங்கின் மார்க் யேட்ஸ் மட்டும் ஓடிவந்து ஹாதார்னின் டெர்மட் ப்ரெரட்டனை மோதிச் சாய்த்தார். அந்த வருஷ ஆரம்பத்தில் நடந்த ஒரு மோதலுக்குப் பழிவாங்கல், முன்கூட்டியே முடிவு செய்தது. ப்ரெரட்டன் வாந்தி எடுத்தார், விலா நொறுங்கியிருந்தது, பெஞ்சுக்குப் போக மறுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரே மார்க் பிடித்துக் கோலும் அடித்தார். முதல் குவார்ட்டர் முடிவில் ஹாதார்ன் 52, ஜீலாங் 12. அப்புறம் ஜீலாங் துரத்திய துரத்தல் பிரமாதம், கேரி ஆப்லெட் மட்டும் 9 கோல் அடித்தார், கடைசியில் 144-138. ஆறே புள்ளி. ஆளை அடித்து வீழ்த்தும் திட்டத்தில் கவனம் போன அந்த முதல் குவார்ட்டரை ஒழுங்காக ஆடியிருந்தால் என்று ஜீலாங் ரசிகர்கள் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். பிளைட் 1992, 1994 என்று மேலும் இரண்டு கிராண்ட் ஃபைனல் தோற்றுவிட்டு ஜீலாங்கை விட்டுப் போனார்.

அந்த பிளைட்தான் 1997-இல் அடிலெய்டுக்கு வந்தார். என்னைக் கேட்டால் ஃபுட்டி வரலாற்றின் மிகச் சிறந்த கோச்சிங் நாள் அந்த வருஷ கிராண்ட் ஃபைனல்தான், 1970 இல்லை. காரணம் சொல்கிறேன்.

அவர் பொறுப்புக்கு வந்ததுமே கிளப்பின் முதல் கேப்டன் கிறிஸ் மெக்டெர்மட், டோனி மெக்கின்னஸ், கிரெக் ஆண்டர்சன், ஆண்ட்ரூ ஜார்மன் என்று நாலு பெரிய பெயர்கள் வெளியே போயின. அடிலெய்ட் கொதித்தது. இதில் ஆண்ட்ரூ ஜார்மனின் தம்பி டாரன் ஜார்மன் அணியிலேயே இருந்தார், அண்ணனை அனுப்பிய கோச்சிடம்தான் ஆடவேண்டும். சீசன் நன்றாகவே போனது. ஆனால் ப்ரிலிமினரி ஃபைனலில், அந்த வருஷம் லீக்கிலேயே அதிக கோல் அடித்த ஃபுல்-ஃபார்வர்ட் டோனி மொட்ராவுக்கு முழங்கால் போய்விட்டது. அந்த ஆட்டத்தையே இரண்டு புள்ளியில்தான் தப்பித்திருந்தார்கள். மார்க் ரிச்சியூட்டோவும் காயத்தால் இல்லை. கிராண்ட் ஃபைனலுக்கு ஃபுல்-ஃபார்வர்டே இல்லாமல் போகிறது அணி.

பிளைட் முதலில் ஷேன் எல்லனை முன்னால் போட்டார். எல்லன் பெரும்பாலும் பின்வரிசை ஆள், எதிரணியின் தயாரிப்புக் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே "கோல் ஆபத்து" என்று யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். இருந்தும் இடைவேளையில் செயின்ட் கில்டா 13 புள்ளி முன்னால். அங்கே பிளைட் மறுபடி வில்லைகளை எடுத்தார். ஹாஃப்-பேக்கில் ஆரம்பித்த ஆண்ட்ரூ மெக்லியோட் மிட்ஃபீல்டுக்கு வந்தார். டாரன் ஜார்மன் மிட்ஃபீல்டிலிருந்து கோல் வாசலுக்குப் போனார். ஜார்மன் உதைத்தால் பந்து எங்கே போகவேண்டுமோ அங்கே போகும், அந்த லீக்கிலேயே மிகச் சுத்தமான உதைகளில் ஒன்று அவருடையது. அப்படிப்பட்டவரை மிட்ஃபீல்டில் வைத்துப் பிறருக்குப் பந்து கொடுக்கவைப்பதுதான் வழக்கம். பிளைட் அவரை மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தினார். கடைசிக் குவார்ட்டரில் மட்டும் ஜார்மன் 5 கோல், மொத்தம் 6. எல்லன் 5. மெக்லியோடுக்கு நார்ம் ஸ்மித் பதக்கம். 125-94.

பராசி மாற்றியது ஒரு ஆளையும் ஒரு பழக்கத்தையும். பிளைட் முன், நடு, பின் மூன்றையும் கலைத்துப் போட்டார், அதுவும் நட்சத்திரங்கள் இல்லாத அணியை வைத்துக்கொண்டு. செயின்ட் கில்டா கோச் ஸ்டான் ஆல்வெஸ் எதை முதலில் அடைப்பது? மெக்லியோடுக்கு ஆள் போட்டால் ஜார்மன், ஜார்மனைப் பார்த்தால் எல்லன். ஆல்வெஸ் திறமைக் குறைவானவர் என்று சொல்லமாட்டேன். ஒரே நேரத்தில் மூன்று கேள்வி, பதில் சொல்ல அரை ஆட்டம், ரன்னர் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இன்னொரு கோல்.

அடுத்த வருஷமும் பிளைட்டின் அடிலெய்டே ஜெயித்தது. இடைவேளைவரை நார்த் மெல்பர்ன் 24 புள்ளி முன்னால் இருந்தது. 6 கோல், 15 பிஹைண்ட் என்று வாய்ப்புகளை வாரி இறைத்திருந்தார்கள். முடிவு 105-70, மெக்லியோடுக்கு மறுபடியும் அதே பதக்கம். 1999 முடிவில் பிளைட் அடிலெய்டை விட்டு விலகினார். 2001-இல் அவரைப் பெரிய எதிர்பார்ப்போடு கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டது வேறு யாரும் இல்லை, அந்த செயின்ட் கில்டாதான். 15 ஆட்டம் முடிந்ததும் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.